மூன்றாவது வரி

ஒன்பதாம் வகுப்பில் தோற்பது அவ்வளவு லேசான காரியமில்லை. எட்டாவது வரைக்கும் அரசாங்கமே யாரையும் தோற்க விடாது. பத்தாவதில் தோற்றால் பள்ளிக்கூடத்தின் பெயர் கெட்டுப்போகும். நடுவில் அகப்பட்டது ஒன்பது. பத்தாவதில் தேறுமா தேறாதா என்று சந்தேகமாக இருக்கும் பிள்ளைகளை ஒன்பதிலேயே சலித்து, ‘பெற்றோரின் விருப்பத்தின் பேரில்’ என்று எழுதி, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்படியொரு விருப்பம் தங்களுக்கு இருந்ததே பெற்றோருக்கு அன்றைக்குக் காலையில்தான் தெரியவரும். அடுத்த வருஷம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டலாம்.

ஒரத்தநாட்டுச் சாலையில் இருந்த அந்த உதவிபெறும் பள்ளியில் ஃபெபி பதினோரு வருஷமாகக் கணக்கு டீச்சர். பதினோரு வருஷமும் ‘நிர்வாகப் பணியிடம்’. அதாவது வேலை மற்ற டீச்சர்கள் செய்வது; சம்பளம் மட்டும் வெளியே சொல்ல முடியாதது. சீனியர் கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்றதில் அரசுச் சம்பளம் வரும் இடம் ஒன்று காலியாகியிருந்தது. அதற்கு ஃபெபியின் பெயரைப் போட்ட கோப்பு தலைமையாசிரியர் ரெமிஜியஸ் சாரிடம் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அவள் கணவன் ரெஜின் குவைத்திலிருந்து வேலை போய்த் திரும்பி, பஸ் ஸ்டாண்டில் செல்போன் ரிப்பேர் கடை போட்டிருந்தான். கடையில் ஆட்களைவிட ஈக்கள் அதிகம் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சிரித்து முடித்ததும் “கோப்பு என்ன ஆச்சு?” என்று கேட்பான்.

மே மாதத்து முதல் வாரத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ரெமிஜியஸ் சார் அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள் கட்டு இருந்தது. பக்கத்தில் ஐந்து பெயர்கள் எழுதிய ஒரு துண்டுத்தாள். நான்கு பெயர்களுக்கு நேரே சரி என்று குறி போட்டிருந்தது. ஐந்தாவது பெயர் சுடர்விழி.

“உக்காருங்க டீச்சர். இந்தப் பொண்ணு முப்பத்தாறு எப்படி எடுத்துச்சு?”

“எழுதியிருக்கா சார்.”

“அரையாண்டுல இருபத்தொண்ணு. வருஷத்துல முப்பத்தோரு நாள் லீவு. அப்பவே தாளாளர்கிட்ட அஞ்சு பேருன்னு சொல்லிட்டேன். இப்ப நாலுன்னா என்ன சொல்வேன்?”

சுடர்விழியின் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். அப்பா அன்பரசன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். தை பிறந்துவிட்டால் வலங்கைமான் பக்கம் போய் வாரக்கணக்கில் வயல்வயலாகச் சுற்றுவார். அந்த நாட்களில் வீட்டையும் இரண்டு தம்பிகளையும் பார்த்துக்கொண்டது அந்தப் பெண்தான். முப்பத்தோரு நாள் எங்கே போயின என்று ஃபெபிக்குத் தெரியும். ரெமிஜியஸ் சாருக்கும் தெரியும். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. எத்தனையோ பிள்ளைகளுக்குத் தம் பையிலிருந்து ஃபீஸ் கட்டியிருக்கிறார். ஆனால் தாளாளரின் கார் வாசலில் திரும்பும் சத்தம் கேட்டால் அவருக்கும் சட்டைக் காலரைச் சரிசெய்யக் கை போய்விடும்.

அவர் கட்டிலிருந்து சுடர்விழியின் தாளை உருவினார். பிறகு இழுப்பறையிலிருந்து, ஓரம் நைந்த ஒரு ஜெராக்ஸ் கட்டையும் எடுத்து வைத்தார். பார்த்தவுடனே ஃபெபிக்கு அடையாளம் தெரிந்தது. அது ஜாய்ஸ் நோட்டு.

ஜாய்ஸ் என்பவள் ஒன்பது வருஷத்துக்கு முன் அங்கே படித்த பெண். இப்போது ஏதோ ஊரில் நர்ஸ். முத்துமுத்தான கையெழுத்து. ஃபெபி வகுப்பில் சொன்ன தேற்றங்களையெல்லாம் அவள் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அந்த வருஷம் ஃபெபி அதற்குப் பக்கம்பக்கமாகச் சரி போட்டுக் கையெழுத்திட்டு, அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு அதையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒன்பதாம் வகுப்பு என்றால் ஜாய்ஸ் நோட்டு. பிள்ளைகள் அதை ஜெபம் சொல்வது போலக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். தன் பழைய குறிப்பை ஃபெபி எங்கே வைத்தாள் என்பதே மறந்துபோயிற்று. அவளும் ஜாய்ஸ் நோட்டைப் பார்த்துத்தான் பாடம் நடத்தினாள்.

அதில் ஒரு பக்கம் தப்பு.

ஒரு வட்டத்தில் இரண்டு வில்கள் சமமென்றால் அவற்றின் நாண்களும் சமம் என்பது ஒரு தேற்றம். நாண்கள் சமமென்றால் வில்களும் சமம் என்பது அதற்கு மறுதலை. இரண்டும் அடுத்தடுத்த பக்கங்கள், இரண்டுக்கும் ஒரே மாதிரிப் படம், முதல் இரண்டு வரியும் ஒன்றே: ஆரங்கள் சமம், ஆரங்கள் சமம். மூன்றாவது வரியில்தான் பாதை பிரிய வேண்டும். மறுதலையில் நமக்குக் கையில் கிடைத்திருப்பது நாண்கள் மட்டும். அதை வைத்துத்தான் முக்கோணங்கள் சர்வசமம் என்று காட்டி, மையக் கோணங்களைச் சமமாக்கி, கடைசியில் வில்லுக்கு வர வேண்டும். ஜாய்ஸ் என்ன அவசரத்தில் இருந்தாளோ, முந்தைய பக்கத்து மூன்றாவது வரியையே இங்கேயும் எழுதிவிட்டாள்: ‘சம வில்கள் மையத்தில் சம கோணங்களைத் தாங்கும்.’ எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே நடுவில் எடுத்துப் போட்டுக்கொண்டு, கடைசியில் நிரூபித்துவிட்டேன் என்று கோடு இழுத்தாயிற்று. பக்கத்தின் ஓரத்தில் ஃபெபியின் சரி, அவள் கையெழுத்து. எட்டு வருஷம் யாரும் கேட்கவில்லை.

போன ஜனவரியில் சுடர்விழி கேட்டாள்.

“டீச்சர், வில் சமம்னு நிரூபிக்கத்தானே சொல்லியிருக்கு? மூணாவது வரியிலயே சம வில்கள்னு எப்படி எழுதுறது?”

“இருக்கறதை எழுது. கேள்வி கேட்டு நேரத்தைத் தின்னாதே” என்றாள் ஃபெபி. அன்று சாயங்காலம் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கேள்வி மறுபடி வந்தது. கையைக் கழுவிவிட்டு ஒரு தாளில் போட்டுப் பார்த்தாள். முகம் சிவந்துபோயிற்று, தனியாக இருந்தும். மறுநாளே வகுப்பில் திருத்திச் சொல்லிவிட வேண்டுமென்றுதான் நினைத்தாள். மறுநாள் பொங்கல் லீவு தொடங்கியது. அப்புறம் ஆய்வு அதிகாரி வந்தார். அப்புறம் கோப்பு பற்றிய பேச்சு வந்தது. எட்டு வருஷமாகத் தப்பைச் சொல்லிக்கொடுத்தேன் என்று அந்த நேரத்தில் யார் போய் வாயைக் கொடுப்பார்கள்? வினாத்தாளில் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாவட்டப் பொது வினாத்தாளில், ஐந்து மதிப்பெண்ணுக்கு, கட்டாயக் கேள்வியாக வந்து நின்றது.

நாற்பத்தொரு பிள்ளைகள் ஜாய்ஸ் நோட்டை அப்படியே இறக்கி வைத்திருந்தார்கள். நாற்பத்தொரு பேருக்கும் ஃபெபி ஐந்து போட்டாள். சுடர்விழி மட்டும் மூன்றாவது வரியில் ‘AB = CD, கொடுக்கப்பட்டது’ என்று எழுதி, அங்கிருந்து சரியாக முடித்திருந்தாள். கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ‘வில்கள் சமம் என்பதை இன்னும் நிரூபிக்கவில்லை. அதனால் அதை நான் எழுதவில்லை.’ ஃபெபி அவளுக்கும் ஐந்து போட்டாள். போடும்போது, இதோடு தொலைந்தது பீடை என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

இப்போது ரெமிஜியஸ் சார் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டு வந்தார். அவர் வரலாறு படித்தவர். ஆனால் ஒன்றைப் போல் ஒன்று இல்லை என்று கண்டுபிடிக்க வட்டமும் நாணும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

“நோட்ஸ்ல இருக்கற மூணாவது வரி இவ எழுதல.”

“இது வேற வழி சார். மூணு பக்கமும் சமம்னு காட்டற ப-ப-ப.”

“சரி. வேற வழி. அப்ப நோட்ஸ்ல இருக்கறது?”

“அதுவும்… ஒரு வழிதான்.”

“ரெண்டும் சரின்னா இவ எதுக்குக் கீழ இப்படி எழுதியிருக்கா? நிரூபிக்கலையாம், அதனால எழுத மாட்டாளாம். உங்க நோட்ஸையே தப்புங்கறா. அதுக்கு நீங்க அஞ்சு போட்டிருக்கீங்க. நாளைக்குத் தாளாளர் கையில இது கிடைச்சா ரெண்டுல எது தப்புன்னு கேப்பாரா இல்லையா? எது தப்பு? நீங்களே சொல்லுங்க.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே உளுந்து பிடுங்கிய வயல் வெறிச்சோடிக் கிடந்தது; வாய்க்காலில் தண்ணீர் வர ஜூன் ஆக வேண்டும். சுடர்விழி சரி என்றால் ஜாய்ஸ் நோட்டு தப்பு. ஜாய்ஸ் நோட்டு தப்பு என்றால் நாற்பத்தொரு பேருக்கும் பூஜ்யம். அதில் பதினொரு பேர் முப்பத்தைந்துக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவே நிற்கிறார்கள். அந்த ஐந்தைப் பிடுங்கினால் பதினொரு பேரும் விழுவார்கள். டீச்சர் சொன்னதை நம்பியது தவிர அவர்கள் ஒரு பாவமும் செய்யவில்லை. ஜாய்ஸ் நோட்டு சரி என்றால் சுடர்விழி தப்பு. ஃபெபி எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிற இடத்தில் தன் கையெழுத்தே இருந்தது.

“ரெண்டு மார்க் குறைச்சாப் போதும்” என்றார் அவர் தணிந்த குரலில். “பூஜ்யம் போடச் சொல்லல. ஒரு ஸ்டெப் விட்டிருக்கா, அதுக்கு ரெண்டு. உங்க கோப்பை இன்னிக்கே அனுப்பிடலாம்னு இருக்கேன். அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பேசறேன்னு நினைக்காதீங்க.”

முடிச்சுப் போட்டுத்தான் பேசினார். ஃபெபி சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஐந்தை அடித்து மூன்று என்று எழுதினாள். முதல் பக்கத்தில் முப்பத்தாறை அடித்து முப்பத்துநாலு. பக்கத்தில் சுருக்கொப்பம். எல்லாம் அரை நிமிஷ வேலை. தன்மேல் அவளுக்கு வந்த அருவருப்பு, காறித் துப்பினாலும் போகாது போலிருந்தது.

பதினொரு மணிக்கு அன்பரசன் மகளோடு வந்தார். வெயிலில் கறுத்த, வாட்டசாட்டமான மனிதர்; அந்தச் சின்ன அறையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவை ஒட்டி நின்றார். சுடர்விழி லீவிலும் சீருடை போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

ரெமிஜியஸ் சார் பழகிய வார்த்தைகளில் சொல்லி முடித்தார். கணக்கில் ஒரு மார்க் குறைகிறது. இங்கேயே மறுபடி ஒன்பது படித்தால் பிள்ளையின் மனசு உடைந்துபோகும். வேறு பள்ளியில் சேர்த்தால் நல்லது. அதற்கு ஒரு விண்ணப்பம், இதோ, இங்கே கையெழுத்து.

“வேற ஸ்கூல்னா ரெண்டு பஸ் மாறணுங்க” என்றார் அன்பரசன். “ஆறு மணிக்குக் கிளம்பணும். சின்னப் பயலுவள யாரு பாக்கறது? அதுக்குப் பேசாம இவளத் திருப்பூருக்கு அவங்கம்மாட்ட அனுப்பிடலாம். அவ கம்பெனியில பொம்பளப் புள்ளைங்களுக்கு வேலை இருக்குன்னு சொல்லிட்டேதான் இருக்கா.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட எங்கே என்று விரலால் தேடினார்.

சுடர்விழி மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “டீச்சர், நான் பேப்பரைப் பாக்கலாமா?”

ஃபெபி எடுத்துக் கொடுத்தாள். கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. அந்தப் பெண் பக்கங்களைத் திருப்பினாள். அடித்த ஐந்தையும் அதன்மேல் ஏறிய மூன்றையும் பார்த்தாள்.

“மூணாவது வரி எழுதாததுதானா டீச்சர்?”

“ஆமா” என்றாள் ஃபெபி.

“எனக்கு அது மனப்பாடமாத் தெரியும் டீச்சர். எழுதணும்னு தெரியாம விட்டுட்டேன். இப்ப எழுதிடட்டுமா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மேசை விளிம்பில் தாளை வைத்துக் குனிந்தாள். ‘AB = CD, கொடுக்கப்பட்டது’ என்ற வரியை நிதானமாக ஒரு கோடு போட்டு அடித்தாள். கீழே இருந்த பொடி எழுத்துக் குறிப்பையும் அடித்தாள். அடித்த வரிக்கு மேலே இருந்த சந்தில் எழுத ஆரம்பித்தாள்: சம வில்கள் மையத்தில்…

வகுப்பிலேயே யோசிக்கத் தெரிந்த ஒரே பெண், யோசித்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபெபிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“எழுதாதே!”

கத்திவிட்டாள். அன்பரசன் திடுக்கிட்டுப் பார்த்தார். ஃபெபி அந்தப் பெண்ணின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

“நீ எழுதினதுதான் சரி. அந்த வரி தப்பு. நான் சொல்லிக்கொடுத்தது தப்பு. ஜனவரியில நீ கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் சொல்லல.” அவள் ரெமிஜியஸ் சாரின் பக்கம் திரும்பினாள். “இவ பாஸ் சார். முப்பத்தாறு. மாத்தினது நான்.”

ரெமிஜியஸ் சார் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அன்பரசன், பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வெளிய பெஞ்சுல செத்த உக்காருங்க” என்றார். அவர்கள் போனதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

“அப்ப மத்த நாப்பத்தொரு பேர்?”

“அவங்க மார்க்கைத் தொடக்கூடாது சார். அது என் தப்பு.”

“உங்க தப்புக்கு அவங்களுக்கு அஞ்சு. அதை எந்தக் கணக்குல எழுதறது? நாளைக்கு எவனாவது ஒரு அப்பன், என் பிள்ளை பேப்பரைக் காட்டுன்னு ஆர்டிஐ போட்டா நான் என்னத்தைக் காட்டறது? ஒண்ணு, நாப்பத்தொரு பேருக்கும் பூஜ்யம் போடுங்க. இல்ல, தப்பு உங்களோடதுன்னு எழுதிக் கொடுங்க. வாயால சொன்னா ஆச்சா?”

அவர் ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். பதினொரு பேரின் முகங்களும் ஃபெபியின் கண்முன் வரிசையாக வந்தன. அவர்களில் எழுதும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறவன் ஒருவன், அழிப்பானை மோந்து பார்க்கிறவள் ஒருத்தி. ஃபெபி எழுதினாள். கீழ்க்கண்ட தேற்றத்தை எட்டு ஆண்டுகளாகத் தவறான நிரூபணத்துடன் கற்பித்தேன். தவறு என்று தெரிந்த பிறகும் திருத்தவில்லை. மாணவர்கள் என் குறிப்பை நம்பி எழுதியதால் அவர்களுக்கு முழு மதிப்பெண் வழங்கினேன். இதற்கு நானே பொறுப்பு. எழுதி முடிக்கும்போது பயமாக இல்லை. வேலை போகும், ரெஜின் கத்துவான், போகட்டும். மனசுக்குள் ஒரு கதவு திறந்தது போல் மூச்சு தாராளமாக வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேதி எழுதக் கையை நகர்த்தினாள்.

“தேதி வேணாம்” என்றார் ரெமிஜியஸ் சார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“தேதி நான் போட்டுக்கறேன். எப்ப வேணுமோ அப்ப.” தாளை வாங்கி ஒருமுறை முழுக்கப் படித்தார். நாலாக மடித்து ஒரு கவரில் போட்டு ஒட்டினார். “இப்ப எதுக்கு இதை மேல அனுப்பணும்? பள்ளிக்குத்தான் கெட்ட பேரு. பத்திரமா என்கிட்டயே இருக்கட்டும். அந்தப் பொண்ணு முப்பத்தாறுலயே இருக்கட்டும், தாளாளர்கிட்ட நாலுன்னு நான் பேசிக்கறேன். உங்க கோப்புலயும் இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்.” சாவியைத் திருப்பி இழுப்பறையைப் பூட்டினார். “அடுத்த வருஷம் லிஸ்ட் போடறப்ப நாம இவ்வளவு நேரம் பேசவேண்டி இருக்காது, இல்லையா டீச்சர்? அடுத்த வருஷமும் சரி, அதுக்கு அடுத்த வருஷமும் சரி.”

அவர் சொன்னதில் மிரட்டல் ஒரு துளியும் இல்லை. நிஜமாகவே அவளுக்கு ஒரு நல்லது செய்துவிட்ட திருப்திதான் அவர் முகத்தில் இருந்தது. வேண்டாம், அதைக் கொடுங்கள், நானே அனுப்புகிறேன் என்று சொல்ல ஃபெபி வாயைத் திறந்தாள். அனுப்பினால் பதினொரு பேரின் தாளையும் மறுபடி பிரிப்பார்கள். கோப்பு கிடப்பில் போகும். இவை இரண்டில் எது தன் வாயை அடைத்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாமலே மூடிக்கொண்டாள்.

ரெமிஜியஸ் சார் கதவைத் திறந்து அவர்களைக் கூப்பிட்டார். “கூட்டல்ல ஒரு சின்னத் தப்பு. பிள்ளை பாஸ்” என்றார். அன்பரசன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார், முதலில் அவரை, பிறகு ஃபெபியை. சுடர்விழி சிரிக்கவில்லை, முகம் மட்டும் மெல்ல மலர்ந்தது. வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள்.

“டீச்சர், பத்தாவதுக்கும் நீங்கதானே கணக்கு எடுப்பீங்க? வேற ஸ்கூலுக்குப் போயிட மாட்டீங்களே?”

ரெமிஜியஸ் சார்தான் அன்போடு பதில் சொன்னார்.

“டீச்சர் எங்கம்மா போகப் போறாங்க? இங்கதான் இருப்பாங்க.”